கரண்ட் போன வீட்டில் 60 முட்டைகள்

தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "100 முட்டை இன்குபேட்டர் வாங்கியிருக்கிறேன். போன வாரம் மழையில் ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. முட்டைகள் எல்லாம் ஆறிவிட்டன. இனி பொரிக்குமா, தூரப் போட்டுவிடலாமா?"

நான் படித்தது பயிர், கோழி அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்ல வேண்டிய ஒரு கடன் எனக்கு இருக்கிறது. அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்று முகத்தில் அடித்தது. முப்பந்தல் வரை இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மின்சாரம் பிறக்கிற ஊர்தான். ஆனால் கம்பி அறுந்தால் இந்த ஊர் வீட்டிலும் இருட்டுதான். தோவாளையில் பூ மூட்டைகள் ஏறின. நாகர்கோவில் தாண்டி, தக்கலை தாண்டி, திருவட்டாறு வந்ததும் வயல் குறைந்து ரப்பர் தோட்டமும் மரச்சீனியும் தொடங்கிவிட்டன. இதே சாலையில் 2017 டிசம்பர் 3-ஆம் தேதி ஜீப்பில் போனபோது, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி மரத்தை வெட்டி விலக்கித்தான் போக முடிந்தது.

ஒக்கி புயலை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 காலையில் அடித்த காற்றில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்தத் துயரத்துக்கு முன்னால் முட்டைக் கணக்கு சின்னதுதான். ஆனால் வாழையும் ரப்பரும் போன வீட்டில், அடுத்த மாதத்துக்கு மிச்சமிருந்த ஒரே வருமானம் சில இடங்களில் அந்த முட்டைதான்.

அன்று பயிர்ச்சேதக் கணக்கெடுப்புக்குப் போனேன். காலையில் ஒரு வீட்டில், மூன்று நாளாக ஆறிக் கிடந்த இன்குபேட்டரைக் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். "செத்திருக்கும். குழி தோண்டிப் போட்டு மூடிடுங்க, நாற்றம் வரும்" என்றேன். அப்படியே செய்தார்கள். சாயங்காலம், இன்னும் உள்ளே ஒரு வீட்டில் அக்கா ஒருவரிடமும் அதையே சொன்னேன். அவர் கேட்கவில்லை. என்னை அடுக்களைக்குள் அழைத்துப்போய், சின்ன டார்ச்சைக் கைக்குள் பொத்தி, அதன் மேல் ஒரு முட்டையை வைத்துக் காட்டினார். உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிந்தன. நடுவில் கருமையாக ஏதோ அசைந்தது.

"உசிரு கெடக்கு சாரே. எப்பிடிக் களைய?" என்றார்.

அவர் வைத்தது 60 முட்டை. புயல் அடித்த அன்று பதினோராவது நாள். கரண்ட் போனதும் அவர் இன்குபேட்டரைத் திறக்கவே இல்லை. காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு மேலே கம்பளியைப் போட்டிருக்கிறார். இருட்டியதும் வீட்டில் அடையிருந்த இரண்டு கோழி, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய ஒன்று என மூன்றின் அடியிலும் பன்னிரண்டு பன்னிரண்டாக முட்டைகளைத் தள்ளி வைத்திருக்கிறார். பகலில் வைத்தால் கோழி கலைந்து எழுந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

மிச்சம் 24 முட்டைக்கு மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டி. ஐஸ் உருகாமல் காக்கும் பெட்டி, சூட்டையும் காக்கும் அல்லவா? அடியில் வைக்கோல், நடுவில் முட்டை, நான்கு மூலையிலும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்கள். கொதும்பும் சிரட்டையும் எரித்து, இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் மாற்றியிருக்கிறார். தெர்மாமீட்டர் கிடையாது. "முட்டைய கண்ணு இமையில வச்சுப் பாப்பேன் சாரே. சுடவும் கூடாது, குளிரவும் கூடாது" என்றார். சீனாவிலும் வங்கதேசத்திலும் கரண்ட் இல்லாமல் உமிக்குள் வைத்து வாத்து முட்டை பொரிப்பவர்கள் இமையில் வைத்துப் பார்க்கும் இதே முறையைத்தான் தலைமுறையாகக் கையாளுகிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

எட்டாம் நாள் கரண்ட் வந்தது. 21-ஆம் நாள் ஒன்றும் பொரிக்கவில்லை. அக்கா காத்திருந்தார். 22, 23-ஆம் நாட்களில் கோழிகளின் அடியில் வைத்த 36-இல் 28, பெட்டியில் வைத்த 24-இல் 9 என்று 37 குஞ்சுகள் வந்தன. காலையில் நான் மூடச் சொன்ன முட்டைகள் மூன்று நாள் சூடில்லாமல் கிடந்தவை. பெரும்பாலும் செத்துத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் சொன்னேன். அந்தக் கடன்தான் இது.

இந்த முறை போனபோது அக்கா வீட்டு முற்றத்தில் நாட்டுக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. இன்குபேட்டர் பக்கத்தில் பேட்டரி இருக்கிறது. அந்த மீன் பெட்டியும் பரண் மேல் இருக்கிறது. "பேட்டரியும் ஒருநா சதிக்கும் சாரே" என்று சிரித்தார்.

இனி தோவாளை வாசகிக்கும், மழைக்காலத்தில் முட்டை வைக்கும் எல்லோருக்கும்:

ஆறு மணி நேரத்தில் முட்டையைத் தூரப் போடாதீர்கள். அடைக்கோழியே தினமும் இரை எடுக்க இறங்கும். அந்த நேரத்தில் முட்டை ஆறத்தான் செய்யும். 18 மணி நேரம் வரை 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிடந்த கருக்கள்கூடப் பிழைத்திருக்கின்றன. பொரிப்பு குறையும், தள்ளிப் போகும், எல்லாமே போய்விடாது.

கரண்ட் போனால் முதலில் கதவைத் திறக்காதீர்கள். மேலே கம்பளி, சாக்கு போடலாம். காற்றுத் துளையை மட்டும் அடைக்கக் கூடாது. 15 நாளுக்கு மேலான முட்டைகள் தாமே சூடு தரும், காற்றும் அதிகம் கேட்கும். இயந்திரம் நிறைய அப்படிப்பட்ட முட்டை இருந்து, மின்விசிறியும் நின்றுவிட்டால், உள்ளே சூடு ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் கதவைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வெந்நீர் பாட்டில் வையுங்கள். கையால் பிடிக்க முடிகிற சூடு போதும், கொதிநீர் வேண்டாம். பாட்டில் முட்டையில் நேராகப் படக் கூடாது. தெர்மாமீட்டரை முட்டையின் மேல்மட்டத்தில் வையுங்கள். 37 முதல் 38 டிகிரி இருக்கட்டும். 39-ஐத் தாண்ட விடாதீர்கள். குளிர்ச்சியைவிட அதிகச் சூடுதான் கருவைச் சீக்கிரம் கொல்லும்.

மூடிய அறையில் கரி அடுப்போ ராந்தலோ வைக்காதீர்கள். அந்தப் புகை முட்டைக்கு மட்டுமல்ல, அங்கே படுத்திருக்கும் உங்களுக்கும் ஆபத்து. வைக்கோல் இருக்கும் இடத்தில் தீப்பயமும் உண்டு.

100 வாட் இழுக்கும் சின்ன இன்குபேட்டருக்கு, நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருந்தால் சுமார் 10 மணி நேரம் ஓடும். அதற்கு மேல் போனால் அடைக்கோழிதான் துணை. எனவே இன்குபேட்டர் வைத்திருப்பவர்களும் ஒன்றிரண்டு அடைக்கோழியைக் கைவசம் வைத்திருங்கள்.

கரண்ட் வந்தபின் வழக்கம்போல் ஓட விடுங்கள். நான்கைந்து நாள் கழித்து இருட்டில் டார்ச் வைத்துப் பாருங்கள். நரம்பும் அசைவும் தெரிந்தால் வையுங்கள்; ரத்த வளையம் மட்டும் தெரிந்தாலோ, உள்ளே கலங்கி நாறினாலோ எடுத்துவிடுங்கள். கடைசி மூன்று நாளில் மட்டும் முட்டையைத் தொடவும் வேண்டாம், புரட்டவும் வேண்டாம். 21-ஆம் நாள் பொரிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். என்னைப் போன்ற பயிர்க்காரர் யாராவது வந்து குழி தோண்டச் சொன்னால், முதலில் அவர் கையில் ஒரு டார்ச்சைக் கொடுங்கள்.