சலத்தோடு போகும் சீனி

2009 இல் முகாமில் இருந்தபோது, இரவில் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பழகினேன். ஊருக்குத் திரும்பியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சென்ற வருடம் என் நீரிழிவுக்கு வைத்தியர் எம்பகிளிபுளோசின் என்ற குளிசையைச் சேர்த்தார். சில கிழமைகளில் அடிக்கடி சலம் போனது. எழும்பினால் தலை சுற்றியது. மறைவிடத்தில் ஒரே கடி. இதை யாரிடம் சொல்வது? குளிசையை நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். கடைசியில் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் மெல்லச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அம்மா, சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 கிராம் அளவு சீனியை வடிக்குது. பிறகு முழுவதையும் திரும்ப இரத்தத்துக்கு எடுத்திடும். அதில 90 வீதம் அளவை எடுக்கிறது எஸ்.ஜி.எல்.ரி.2 என்ற காவி. இந்தக் குளிசை அதை மறிக்குது. சீனி சலத்தோடு போகுது, தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகுது. அதுதான் தலைசுற்று. சீனி படுகிற இடத்தில பங்கசு வளரும். அதுதான் கடி" என்றார்.

வைத்தியர் தந்த பூசுமருந்தில் கடி மாறியது. இப்போது தண்ணீரும் குடிக்கிறேன். இக்குளிசை சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் காவல் என்றும் அறிந்தேன்.

இன்னொன்றும் மிஸ்ஸி சொன்னார். வாந்தி, வயிற்றோட்டம், விரதம் என்று சாப்பாடு குறைந்தால் இக்குளிசையால் இரத்தம் அமிலமாகலாம். சீனி அளவு கூடாமலும் இது நடக்கும். ஆகவே விரதத்துக்கு முன்பே கேட்க வேண்டும், நோய் வந்தால் உடனே போக வேண்டும்.

சகோதரிகளே, எவ்வளவோ தாங்கிய நாங்கள் ஒரு வெட்கத்துக்காக உயிரை விடலாமா? வாய் திறந்து சொல்லுங்கள்.