இந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது?

ஸ்டீம்பங்க் உடைக்கென நான் முதலில் செய்த பித்தளைக் கையில் பதினோரு பல்சக்கரங்கள் இருந்தன. தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெருகேற்றி ஒட்டியிருந்தேன். டார்பி ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் ஆசான் அதை வாங்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் விரல் நுனியால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

சட்டைப்பையிலிருந்து இரண்டு பவுண்டு நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார். 1998-ல் புழக்கத்துக்கு வந்தது. தொழிற்புரட்சியைக் குறிக்க அதில் பல்சக்கரங்கள் வளையமாகக் கோத்திருக்கும். "எண்ணு" என்றார். 19 இருந்தன. அடுத்தடுத்த சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றும். ஆகவே வளையத்தில் இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இறுகி நின்றுவிடும். "நாணயம் சுற்றத் தேவையில்லை. உன் கை சுற்ற வேண்டும்" என்றார்.

அன்றிரவே எல்லாவற்றையும் பெயர்த்தேன். நான்கு மிஞ்சின. கட்டைவிரல் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றினால் நாலாவது சுற்றும்; அதிலிருந்து போகும் எஃகுக் கம்பி ஆள்காட்டி விரலை மடக்கும். அந்த நான்கையும் சிக்காமல் ஓடவைக்க இரண்டு மாதம் அரத்தோடு உட்கார்ந்தேன்.

நீராவிக் காலம் முடியாமலே நீண்டிருந்தால் என்ற ஒரே கற்பனைமேல்தான் ஸ்டீம்பங்க் நிற்கிறது. அதைப் பார்ப்பவர் நம்ப வேண்டுமானால் மற்றதெல்லாம் மெய்யாக இருக்க வேண்டும். கெடுப்பதற்கு ஒரு திருகாணி போதும். தலையில் கூட்டல் குறி வெட்டியது 1930-களின் சரக்கு. நமக்கு ஒற்றை வெட்டுதான். 1841-ல் விட்வொர்த் வகுத்த 55 பாகைப் புரியை நான் இன்றும் பழைய டையில்தான் வெட்டுகிறேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள். கழற்றி மாட்டுகிறவன் பார்ப்பான்.

பழமை ஏற்றுவதில்தான் நிறைய அடிபட்டேன். சுத்தியல் பட்ட பித்தளை விறைத்துக்கொள்ளும். நாலு சுற்று அடித்தால் ஒருமுறை மங்கிய சிவப்புக்குக் காய்ச்சி இளக்க வேண்டும். விளக்கை அணைத்தால்தான் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். ஒரு தோள் கிண்ணத்துக்குக் கடைசிக் காய்ச்சலைச் சோம்பலில் விட்டுவிட்டு, நிறம் கறுக்கட்டும் என்று அம்மோனியா நனைத்த துணியோடு டப்பாவில் மூடிவைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால், விளிம்பிலிருந்து மூன்று கீறல். ஆசான் திட்டவில்லை. பிரிட்டிஷ் இராணுவத்தின் தோட்டாக் கூடுகள் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் கிடந்து இப்படித்தான் தாமாகக் கீறல் விட்டன என்றார். குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் அடித்த பித்தளைக்குள் அடங்கிக் கிடந்த விறைப்பும் சேர்ந்து செய்த வேலை. அன்றிலிருந்து காய்ச்சி இளக்காத எதையும் அந்த டப்பாவுக்குள் வைப்பதில்லை.

கறுத்த பிறகு எங்கே தேய்ப்பது என்பது இன்னொரு பாடம். பொருளைக் கண்மூடிப் பத்து முறை கையாளுங்கள். விரல் பட்ட இடத்தில் மட்டும் பளபளப்பு வரட்டும். மூலைகளிலும் ரிவெட் அடியிலும் கறுப்பு அப்படியே தங்கட்டும்.

எடையும் பொய் சொல்லாது. லிங்கன் நகரில் 2009-ல் தொடங்கிய ஸ்டீம்பங்க் விழாவுக்கு அந்த முதல் பித்தளைக் கையை ஒருவர் அணிந்து போனார். ஸ்டீப் ஹில் என்ற செங்குத்துத் தெருவில் பாதி ஏறுமுன்பே கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். இப்போது பதனிட்ட தோலின்மேல் மெல்லிய தகடு மட்டும் அடிக்கிறேன்.

கொதிகலனில் மட்டும் கற்பனைக்கு இடமே தராதீர்கள். பிரிட்டனில் சிறிய ரயில் எஞ்சின் கட்டுபவர்கள் புதுக் கொதிகலனை, ஓடும் அழுத்தத்தின் இரு மடங்குக்குத் தண்ணீரால் சோதித்த பிறகே தீ மூட்டுகிறார்கள். அதற்குத் தயாரில்லாதவர்கள் ஆவி போலத் தெரியும் ஈரப்புகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த முதல் கை பட்டறை வாசலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் கட்டைவிரல் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், விரல் மடங்குகிறது. மற்ற இடமெல்லாம் கறுத்துவிட்டது. அந்தச் சக்கரத்தின் பற்களுக்கு நான் மெருகு போட்டு வருஷக்கணக்காகிறது, அவை மட்டும் இன்னும் மின்னுகின்றன.