பியூரோமைசினும் எந்தையார் தறியும்

காஞ்சிமா நகரை அடுத்த கூரம் யான் பிறந்த ஊர். கூரத்தாழ்வான் அவதரித்த தலமென்றும், பல்லவ மன்னன் பரமேசுவரவர்மனின் செப்பேட்டினால் பெயர்பெற்ற பதியென்றும் கற்றோர் அதனை அறிவர். எனக்கோ அவ்வூர் எந்தையாரின் தறியோசையாகவே நினைவில் நிற்கின்றது. பட்டிழைகளுக்கிடையே வளர்ந்த யான் உயிர்நூல் ஆராய்ச்சிச் சாலையிற் கற்ற பாடமொன்றை நம் கல்லூரி அன்பர்க்குக் கூற விழைகின்றேன்.

பியூரோமைசின் என்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆல்போநைகர் என்னும் மண்வாழ் நுண்ணுயிர் ஈனும் மருந்து. அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையார் 1952-இல் இதனை வெளியிட்டனர். 1948-இல் காலமாகும் வரை அச்சாலையின் ஆராய்ச்சிகளை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. இம்மருந்து கிருமிகளை மட்டுமன்றி மனித உயிரணுவையும் கொல்லும். ஆதலின் நோயாளிக்கு உதவாது. ஆராய்ச்சியாளர்க்கோ அக்குற்றமே குணமாயிற்று.

ஒவ்வோர் உயிரணுவிலும் ரைபோசோம் என்னும் நுண்பொறி தறிபோல் நின்று, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதத்தை ஆக்குகின்றது. அமிலத்தைச் சுமந்து வரும் ஆர்.என்.ஏ.யின் நுனிபோல வேடம் பூண்டு பியூரோமைசின் உட்புகும். வளரும் சங்கிலியோடு பிணையும். அதன்பின் மேலும் இழை ஏறாது. அரைகுறைப் புரதம் தறியினின்று அறுந்து விழும். இம்மருந்தைத் தழுவிச் செய்த பொருளொன்றைக் கொண்டே தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் 2000-இல் அப்பிணைப்பு நிகழும் இடத்தைக் கண்டனர். அவரும், சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும், அதா யோனத் அம்மையாரும் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இம்மருந்தைச் செயலறச் செய்யும் ஜீன் ஒன்று உண்டு. அதனை உயிரணுக்களிற் புகுத்தி, மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் வீதம் மருந்தை வார்த்தால், ஜீனை ஏற்றவை பிழைக்கும். ஏலாதவை சில நாளில் மாளும்.

யான் மருந்து வார்க்க வேண்டிய தட்டு ஒன்று. அதனருகே, மூத்த மாணவியார் ஒருவர் பல வாரம் பேணிய, ஜீன் புகுத்தாத மூலவணுக்களின் தட்டு ஒன்று. விரைவு மிகுதியால் மூடிகளின்மேல் பெயரெழுதாது விட்டேன். மூன்றாம் நாள் நுண்ணோக்கியிற் பார்க்க, மூலவணுக்கள் யாவும் உருண்டு மிதந்தன. மருந்து சென்றது மாறிய தட்டிற்கு! "கிருமி புகுந்ததோ?" என்று ஆசிரியர் வினவினார். ஆமென்றால் அத்துடன் முடியும்.

அப்பொழுது ஓர் இரவு நினைவில் எழுந்தது. விளக்கொளியில் எந்தையார் நிறம் மாறிய ஊடையை நான்கு விரற்கடை நெய்துவிட்டார். "யார் கண்டறியப் போகின்றார், அப்பா?" என்றேன். "தறி அறியுமடா" என்று சொல்லி, விடியும்வரை இழையிழையாகப் பிரித்தார்.

"ஐயா, பிழை என்னுடையது" என்றேன்.

ஆசிரியர் சிறிது நேரம் பேசாதிருந்தார். மாணவியார் உறைநிலையில் வைத்திருந்த அணுக்களை எடுத்து மீண்டும் வளர்க்கலானார். அவருக்கு மூன்று வாரம் வீணாயிற்று. கடுஞ்சொல் ஒன்றும் கூறாது, மை அழியாத எழுதுகோல் ஒன்றை என் கையில் வைத்தார். செப்பேட்டில் எழுதி வைத்த ஊரிற் பிறந்தவன், ஒரு மூடியின்மேல் நான்கெழுத்து எழுத மறந்தேனே என்று நாணினேன்.

அவ்வெழுதுகோலின் மை தீர்ந்து நாளாயிற்று. எனினும் அஃது இன்றும் என் சட்டைப்பையில் இருக்கின்றது.