கிணற்றுக்குள் ரப்பர்

மாமா கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது கொண்டுவந்த, காலில் மாட்டி நீந்தும் கறுப்பு ஃபின்ஸ் இந்தக் கோடையோடு சரி. உத்திரமேரூர்ப் பக்கம் கடல் ஏது? இருப்பது ஏரியும் கிணறும். மோட்டாரின் புட்வால்வில் குப்பை அடைத்தால், குடம் உள்ளே விழுந்தால், யாராவது முங்கித்தான் ஆகவேண்டும். எங்கள் தெருவில் அந்த வேலை என்னுடையது.

குதிகால் வளையத்தைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தேன். இழுத்த இடமெல்லாம் வறண்ட ஏரிப் படுகையாகப் பிளந்தது. உள்ளங்கையில் கறுப்புப் பிசுக்கு ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை.

"இன்னும் நல்லாத்தானே இருக்கு மாமா, சொல்யூஷன் வச்சு ஒட்டிடலாம்" என்றான் அக்கா மகன். டியூபில் ஆணி குத்தினால் ஒட்டலாம். ஓட்டையைச் சுற்றி நல்ல ரப்பர் இருக்கிறது. இதில் சுற்றிலும் உயிர் இல்லை. பேட்ச் எதைப் பிடித்து நிற்கும்?

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கினார். அப்படியும் அது காற்றுக்குத் தப்பவில்லை. ஆக்சிஜன் மெல்ல அரிக்கிறது, வெயிலும் சூடும் அதை விரைவாக்குகின்றன. ஓசோன் இன்னும் மோசம்: இழுபட்டு நிற்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கிறது. மடித்து வைத்த ஃபின்ஸ் மடிப்பிலேயே வெடிப்பது அதனால்தான். கறுப்பு நிறம் தரும் கார்பன் வெயிலைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் மாமாவின் ஜோடி கிடந்தது தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில். சித்திரை வெயிலில் அங்கே மனிதனே நிற்க முடியாது. தண்ணீரில் உதைத்ததைவிட, சும்மா கிடந்ததில் அது அதிகம் கெட்டது என்றே நினைக்கிறேன்.

ஃபின்ஸ் இல்லாமலும் முங்கலாம். ராமநாதபுரக் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு இறங்குகிறார்கள். அந்தத் துணிச்சல்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் ஃபின்ஸை நம்பி இறங்கிய பிறகு அடியில் வளையம் அறுந்தால் விஷயம் வேறு. ஒரு கால் திடீரென்று வெறுங்காலாகிவிடும். உதை கோணும், மூச்சு வீணாகும். செங்குத்துச் சுவர்க் கிணற்றில் படிக்கல்லைத் தவிரப் பிடிக்க ஒன்றும் கிடையாது.

அதனால் சென்னைக்குப் போய்ப் புதிது வாங்கினேன். தகடு பிளாஸ்டிக், கால் நுழையும் பகுதி மட்டும் மெத்தென்ற செயற்கை ரப்பர். நீளம் குறைவாகத்தான் எடுத்தேன். கிணற்றில் நீண்ட தகடு சுவரில் இடிக்கும். இவற்றைக் கொட்டகைக்கு அனுப்பப் போவதில்லை. கழுவி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் உள்அறைப் பரணில் கிடத்தியிருக்கிறேன். ரப்பரைக் கெடுக்கும் மண்ணெண்ணெய் டின் அந்தப் பக்கமே வராது.

பழையதைப் பிள்ளைகள் விளையாடக் கேட்டார்கள். விளையாட்டு எப்படியும் கிணற்றில்தான் போய் முடியும். இரண்டின் குதிகால் வளையத்தையும் அரிவாளால் அறுத்த பிறகே குப்பையில் போட்டேன்.