5000 வாட்ஸும் உம்மாட குரலும்



பத்து வருஷத்துக்குள்ள மூன்று ஸ்பீக்கர் வாங்கி மூன்றிலும் ஏமாந்தவன் நான். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் வயசான வாப்பா, உம்மா இருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

முதலாவதை 2014ல் டவுனில் ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் ‘5000 வாட்ஸ்’ என்று இருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வலு என்பது அழுத்த வித்தியாசத்தை மின்னோட்டத்தால் பெருக்கி வருவது என்று வருஷா வருஷம் பலகையில் எழுதுகிறவன். கடையில் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. 230 வோல்ட்டில் 5000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 22 அம்பியர் வேணும். எங்கட வீட்டுச் சதுரப்பின் பிளக் 13 அம்பியருக்குத்தான். வீட்டுக்கு வந்து பின்பக்க லேபலைப் பார்த்தேன், 60 வாட்ஸ். பெட்டியில் போட்டிருந்தது பிஎம்பிஓ கணக்கு. கண் சிமிட்டும் நேரத்துக்கு வரும் உச்சம் என்று சொல்லி, விற்கிறவர் தன் விருப்பத்துக்குப் போடும் கணக்கு அது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ். படிப்பிக்கிறவனே ஏமாந்தால் மற்றவர்களை என்ன சொல்ல?

இரண்டாவது கொழும்பில் இருந்து வந்த பழைய பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் சோடி. ஆறு மாதம் நல்லாப் பேசியது. பிறகு கரகரத்தது. துணியைக் கழற்றினால், கோனைச் சுற்றியிருந்த ஸ்பொஞ் வளையம் விரல் பட்ட இடமெல்லாம் கருவாட்டுத் தூள் மாதிரி உதிர்ந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் நாங்கள். வருஷம் முழுக்க ஈரக் காற்று. அந்த ஸ்பொஞ்சுக்குச் சூடும் ஈரமும்தான் எதிரி.

மூன்றாவது சின்னப் புளூடூத் ஸ்பீக்கர். இதுதான் என்னைக் கூடுதலாக நோகச் செய்தது.

எங்கட வாப்பா எண்பதுகளில் சவூதியில் இருந்தவர். அந்தக் காலத்தில் கடிதத்தோடு கெசட்டும் போகும். உம்மா ரேடியோவுக்கு முன்னால் இருந்து ஊர்ப் புதினம் எல்லாம் பேசி, யாராவது பயணம் போகிறவரிடம் கொடுத்து அனுப்புவா. எங்கட ஊரில் எத்தனையோ வீட்டில் இது நடந்தது. வாப்பா திரும்பி வரும்போது கொண்டுவந்த கெசட்டில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது, 1986ல் பேசியது. உம்மா வபாத்தாகி ஒன்பது வருஷம். என் மருமகன் அதைக் கொழும்பில் கொடுத்துப் போனில் ஏற்றித் தந்தான். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி, புது ஸ்பீக்கரை மேசையில் வைத்துப் போட்டேன்.

எனக்குத் தொண்டை அடைத்தது. வாப்பா ஒள்ளுப்பம் நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஆரு மனெ இது, பயானா?”

நான் சத்தத்தைக் கூட்டினேன். மேசை அதிர்ந்தது. வாப்பா தலையை ஆட்டினார். “ஓம், ஓம், கேக்குது” என்றார். கேட்கவில்லை என்று எனக்கு விளங்கியது. கொஞ்ச நாளாகவே அவர் எல்லாத்துக்கும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அதை வயசு என்று விட்டிருந்தோம்.

காது டொக்டரிடம் காட்டினோம். தாழ்ந்த சத்தம் ஓரளவு கேட்கிறது, உயர்ந்த சுரம்தான் போய்விட்டது என்றார். வயசானால் பெரும்பாலும் அப்படித்தானாம். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த பக்கம். ச, ஸ, த, க போன்றவை கூடுதலாக உயர்ந்த பக்கம். சொல்லைப் பிரித்துக் காட்டுவது இவைதான். அது போனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்று விளங்காது. நான் வாங்கின ஸ்பீக்கர் மூன்றும் ‘டும் டும்’ என்ற பேஸுக்காகவே செய்தவை. வெறும் சிமெந்துத் தரை, வெறும் சுவர், மூலையில் ஸ்பீக்கர். எதிரொலியும் சேர்ந்து மிச்சத்தையும் மூடிவிட்டது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட வாப்பாவுக்குக் கேட்காத பக்கத்தை நானே புதைத்துக்கொண்டிருந்தேன்.

அலுமாரிக்கு மேல் வாப்பாட சவூதி டூ-இன்-வன் கிடந்தது. ரேடியோ திருத்தும் பாஸிடம் கொண்டுபோனேன். பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. அதை மாற்றி, பூஞ்சணம் பிடித்த நாடாவையும் துடைத்துத் தந்தார். “ஸ்பீக்கருக்கு ஒண்டுமில்ல சேர், ஓரம் வரைக்கும் பேப்பர். உதிர ஸ்பொஞ்சே இல்ல” என்றார்.

தரையில் பாய் விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, ரேடியோவை வாப்பாட காதுக்கு நேராக ஒரு முழம் தூரத்தில் வைத்தேன். பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டினேன். கல்லடியில் மீன் பாட்டுக் கேட்கிறவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்கள் என்று சின்ன வயசில் எனக்குச் சொன்னதே வாப்பாதான்.

“புள்ளைக்குப் பல்லு முளச்சிட்டு. மழைக்கு ஆறு ரோட்டுக்கு வந்திட்டு...”

வாப்பா குனிந்து இருந்தார். கொஞ்சம் பொறுத்து, “இவ மூச்சு விடாமத்தான் பேசுவா” என்றார். எல்லாச் சொல்லும் விளங்கியிருக்காது. ஆளை விளங்கிவிட்டது.

கெசட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். அந்தப் பக்கத்தில் உம்மா இல்லை. 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டி வர்ணனைதான் இருக்கிறது. அரவிந்தவின் சதத்தை ரேடியோவில் இருந்து ரெக்கோர்ட் பண்ணியவன் பதினொரு வயது நான். இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வெண்ட மெச்தானே, போடு” என்றார்.

பெட்டியில் உள்ள இலக்கத்தை நம்பாதீர்கள். பின்பக்க லேபலைப் பாருங்கள். பழைய ரேடியோவை இரும்புக்குப் போடுமுன் ஒரு பாஸிடம் காட்டுங்கள். வீட்டில் பெரியவர் “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்லத் தொடங்கினால், ஸ்பீக்கர் வாங்க முதல் அவரைக் காது டொக்டரிடம் கூட்டிப் போங்கள். பழைய கெசட் இருந்தால், எழுதியிருப்பதை நம்பி அழிக்காமல் இரண்டு பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள்.

எங்கட உம்மாவுக்காகத் துஆச் செய்யுங்கள்.