கடைசிப் பக்கத்தில் இருக்கும் பெயர்கள்

ஜூலை 12, சனி. கெப்பாலா பத்தாஸ்

தங்கை மகள் கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறாள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். அடுத்த ஆண்டு முடிப்பாள். பசியாறிய கையோடு மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "சேம்பரிங்குக்கு எந்தெந்த ஃபர்முக்கு எழுதலாம்னு பாருங்க மாமா. நீங்க கோர்ட்டுலயே இருந்தவர்தானே?"

கோர்ட்டில் இருந்தவன்தான். பணி ஓய்வு பெறும்வரை மொழிபெயர்ப்பாளனாகச் சாட்சிக் கூண்டின் பக்கத்தில் நின்றே காலம் ஓடியது. வழக்கறிஞர்களை அவர்களுடைய கட்சிக்காரர்கள் பார்ப்பதைவிடக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

எக்செல் பட்டியல். வரிசைக்கு ஒரு நிறம். நிறுவனத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, வழக்கறிஞர் எண்ணிக்கை, லீகல் 500 தரவரிசை, சேம்பர்ஸ் தரவரிசை, சம்பளம், பக்கத்தில் எல்ஆர்டி நிலையம் உண்டா இல்லையா. ஷியர்ன் டெலமோர் 1905, ஷூக் லின் அண்ட் போக் 1918, ஸ்க்ரைன் 1963 என்று வரலாற்றுப் பாடம் மாதிரி இறங்கிக்கொண்டே போனது. பினாங்கு நிறுவனங்கள் அடியில், சாம்பல் நிறத்தில், "எதுவும் கிடைக்காவிட்டால்" என்ற குறிப்போடு.

"மாஸ்டர் யாருன்னு ஒரு கட்டம் இல்லையே பாப்பா" என்றேன்.

"அது அவங்க ஒதுக்கிக் கொடுப்பாங்க மாமா."

இரவு இதை எழுதும்போதும் அந்தப் பதில்தான் உறுத்துகிறது. பயிற்சி என்று வரும்போது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் நிறுவனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்பது மாதம் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி (அதுதான் சேம்பரிங்) எடுக்க வேண்டும், அவர் தொடர்ந்து தொழிலில் இருந்து ஏழு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. ஒரு ஆள். அவர்தான் மாஸ்டர்; அவர் பெயர்தான் இவளுடைய மனுவில் ஏறும். அந்த ஒன்பது மாதமும் பார் கவுன்சிலின் தனி அனுமதி இல்லாமல் வெளியில் வேறு வேலை பார்க்க முடியாது. ஊதியம் வாங்குவதென்றால் மாஸ்டரிடம்தான். சாப்பாடு, வாடகை, கற்றுக்கொள்வது எல்லாமே ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது, அவர் யாரென்று கேட்காமல் கட்டடத்தின் உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

தரவரிசைப் புத்தகங்களைப் பற்றி வாக்குவாதம். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரம் பார்க்கச் சொல்லி நிறுவனங்களே தங்கள் வழக்குகளை எழுதி அனுப்புகின்றன, தங்களைப் பற்றிப் பேசக்கூடிய கட்சிக்காரர் பெயர்களையும் சேர்த்தே அனுப்புகின்றன. பெரிய வங்கிக்கு எந்த நிறுவனம் நல்லது என்று அதில் தெரியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு எது நல்லது என்று அதில் எங்கே இருக்கிறது? நிறுவனத்தின் இணையதளமும் அப்படித்தான். கண்ணாடிக் கட்டடம், கைகட்டி நிற்கும் பங்குதாரர்கள், "எங்கள் பண்பாடு" என்று ஒரு பத்தி. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஜாதகத்தை வைத்தே மாப்பிள்ளையை விசாரித்த கதை.

நிறுவனம் தன்னைப் பற்றி எழுதியதைக் கடைசியில் படி, அடுத்தவர்கள் அதைப் பற்றி எழுதி வைத்ததை முதலில் தேடு என்றேன். எங்கே என்று கேட்டாள். சட்டம் படிக்கிறவள் கேட்கிற கேள்வியா இது! நீதித்துறை இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாதி தரப்பில் யார், பிரதிவாதி தரப்பில் யார், எந்த நிறுவனம் என்று பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கும். மாணவர்கள் தீர்ப்பின் காரணங்களைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், "முழுமையான வழக்காடல் பிரிவு" உண்மையில் எத்தனை முறை எழுந்து நின்று வாதாடியது, எந்த மாதிரி வழக்கில், மூத்தவர் பக்கத்தில் இளையவர் பெயரும் இருக்கிறதா எல்லாம் வெளிவந்துவிடும். இளையவர் பெயரைப் போடுகிற மூத்தவர் ஒரு ரகம். போடாதவர் வேறு ரகம்.

பார் கவுன்சில் இணையதளத்தில் வழக்கறிஞர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஒழுங்கு வாரியத்தின் உத்தரவுகளும் வெளியாகின்றன. பெயர் நீக்கம், தொழில் தடை, அபராதம். மாஸ்டர் ஆகப் போகிறவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க நேரமா ஆகும்?

மாலை முழுக்க அவள் தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. பட்டியலில் இரண்டு வரிகளின் பச்சை நிறம் மஞ்சளானது.

ஜூலை 14, திங்கள்

ஊருக்குள் ஒரு வேலையாகப் போனபோது அவளையும் அழைத்துப் போனேன். செபராங் பிறை வடக்கு மாவட்ட நில அலுவலகம் எங்கள் கெப்பாலா பத்தாஸில்தான். நில அலுவலகம் இருக்கும் ஊரில் வக்கீல் அலுவலகங்கள் கடைவீட்டு மாடிகளில் இருக்கும். கீழே போட்டோஸ்டாட், மேலே பெயர்ப் பலகை. அவள் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தெரிந்த கிராணி ஒருவர் கோப்புக் கட்டோடு வெளியே வந்தார். என்ன பதிவு என்று கேட்டேன். பெயர் மாற்றத்துக்கு பாரம் 14ஏ, வங்கிக்கடனுக்கு 16ஏ, ஒன்றுக்கு மட்டும் கேவியட், 19பி. அவள் அவர் கையிலிருந்த 14ஏயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிலச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், முத்திரை விழுந்த படிவத்தை முதல்முறையாகக் கையில் பிடிக்கிறாள்.

இந்த மாடி அலுவலகங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்டாள். 2023ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி வீடு வாங்கும்போது முதல் ஐந்து லட்சம் வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்றேகால். நாலு லட்சம் வெள்ளி வீடு என்றால் ஐயாயிரம். பெர்தாம் பக்கம் வீடமைப்புத் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கும்வரை வாடகைக்குக் கவலையில்லை. இங்கே சேர்கிற பயிற்சியாளர் ஒன்பது மாதத்தில் நில அலுவலகக் கவுண்ட்டர், முத்திரைவரி, வங்கி என்று தலைகீழாகக் கற்றுக்கொள்வார். நீதிமன்றத்தில் எழுந்து வாதாடாமலேயே வழக்கறிஞராகவும் ஆகிவிடுவார். அது குறையா நிறையா என்பது அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. இவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "வாதாடணும்" என்றாள் பட்டென்று. அந்தக் கட்டமும் எக்செல்லில் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

மழை. எங்கும் போகவில்லை. அவளுடைய தோழி தொலைபேசியில் அரைமணி நேரம் அழுதாள். லண்டன் பட்டத்தை இங்கேயே இருந்து படித்தவள், சிஎல்பி தேர்வு எழுதுகிறாள். ஐந்து தாள். அதைத் தாண்டாமல் சேம்பரிங் வாசலுக்கே வர முடியாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கி இந்தப் பாதையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த குடும்பங்களை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஜூலை 17, வியாழன்

பட்டர்வொர்த் நீதிமன்றம். ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டோம். திறந்த நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இது எத்தனை சட்ட மாணவர்களுக்குத் தெரியும்?

வாசலில் ஒட்டியிருந்த வழக்குப் பட்டியலை அவள் கைப்பேசியில் படம் எடுத்தாள். பிறகு, வழக்கின் நிலையைக் கேட்டு அடுத்த தேதி கொடுக்கும் மென்ஷன் தொடங்கியது. ஒரு வழக்குக்கு, வேறு நிறுவனத்துக்காக மென்ஷன் செய்ய வந்த இளைஞர் எழுந்தார். ஆவணங்கள் பரிமாறியாயிற்றா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "அடுத்த தேதி மட்டும் வாங்கச் சொன்னார்கள்" என்றார் இளைஞர். பாவம், காது சிவந்துவிட்டது. கையில் கோப்பு இல்லை, ஒரு துண்டுத்தாள்தான்.

அதற்கு இரண்டு வழக்கு தள்ளி ஒரு பெண். ஷார்ட் கால் பெற்ற பயிற்சியாளர் என்று பார்த்ததும் தெரிந்தது, கறுப்புக் கோட்டு இன்னும் உடம்போடு ஒட்டவில்லை. அதே கேள்விதான் அவருக்கும். பொது ஆவணக் கட்டு தயார், ஒரு மருத்துவ அறிக்கைக்கு மட்டும் காத்திருக்கிறோம், மருத்துவமனைக்கு இன்ன தேதியில் நினைவூட்டல் அனுப்பினோம் என்று தாளைப் பார்க்காமல் சொன்னார். கோப்பைத் தானே கட்டியவருக்குத்தான் அது வரும்.

"ரெண்டு பேர் ஃபர்மையும் குறிச்சுக்கோ" என்றேன். அவள் முன்பே குறித்திருந்தாள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஷார்ட் காலுக்கு மனுப்போட்டு, சில வேலைகளுக்குப் பயிற்சியாளரே நீதிமன்றத்தில் எழுந்து பேசச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாஸ்டர் அதற்கு எப்போது ஏற்பாடு செய்கிறார், செய்தபின் எப்படிப்பட்ட கோப்பைக் கொடுத்து அனுப்புகிறார் என்பதில் இருக்கிறது சேம்பரிங். சாலை விபத்து வழக்குகள் எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத்தான் வரும். மோட்டார் சைக்கிளில் போய்க் காலை இழந்த எத்தனையோ நம் பையன்களின் வாக்குமூலத்தை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்களிடம் தமிழில் நேராகப் பேசி, விபத்து நடந்த விதத்தைக் கறக்கத் தெரிந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் அலுவலகத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் வேலை விளம்பரங்களில் "மாண்டரின் பேசத் தெரிந்தவர் விரும்பப்படுவர்" என்பதைத்தான் பார்க்கிறோம். அதைப் பார்த்துவிட்டு அவள் மனம் சுருங்கியிருந்தாள். உனக்குத் தெரிந்த மொழியை விண்ணப்பத்தின் அடியில் போடாதே, மேலே போடு என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஃபெர்ரியில் தீவுக்கு. ஆளுக்கு இரண்டு வெள்ளி. லைட் தெருவில் உயர் நீதிமன்றத்தின் எதிரே லோகன் நினைவுச் சின்னத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், 1869இல் இறந்தவர், வழக்கறிஞர், பத்திரிகையாசிரியர். வெள்ளையரல்லாதவர்களுக்காகவும் வழக்காடியவர் என்பதால் ஊரே காசு போட்டு எழுப்பியது. 1807ஆம் ஆண்டு அரச சாசனம் இந்தத் தீவுக்குத்தான் முதலில் நீதிமன்றம் கொடுத்தது. எக்செல்லில் சாம்பல் நிறம் அடிக்கப்பட்ட ஊர்! வழக்கறிஞர் கர்பால் சிங் 1970இல் தன் அலுவலகத்தைத் திறந்ததும் இங்கேதான். பின்னாளில் அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர் எந்தத் தரவரிசையைப் பார்த்துச் சேர்ந்திருப்பார்?

உள்ளே ஒரு லாங் கால், புதிய வழக்கறிஞரைச் சேர்க்கும் நிகழ்வு, நடந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேருகிறவரை, அவர் மனுவை முன்வைக்கும் வழக்கறிஞர் அறிமுகம் செய்து பேசுவார். பெற்றோர், ஆசிரியர், மாஸ்டர் எல்லார் பெயரும் வரும். சொந்தபந்தம் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும். இந்த உரைகளை நான் விரும்பிக் கேட்பேன். மாஸ்டரைப் பற்றிய பகுதியில் "வழிகாட்டினார், ஊக்குவித்தார்" என்று பொதுவாக முடிந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். இன்ன வழக்கில் இரவு பத்து மணிவரை கூட உட்கார்ந்து வாதுரையைத் திருத்தினார் என்று வந்தால் அந்த மாஸ்டர் பெயரை எழுதிக்கொள்ளலாம். மாஸ்டரும் நேரில் வந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில், இதுவரை பெயர் குறித்த நிறுவனங்களில் முன்பு பயிற்சி எடுத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடப் போவதாகச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை இது. ஆண்டுதோறும் பயிற்சியாளர் வருகிறார்கள், ஒருவரும் தங்கவில்லை என்றால், அங்கே ஆள் எடுப்பது எதற்கு என்று புரிந்துவிடும்.

ஜூலை 30, புதன்

ஜார்ஜ் டவுனில் முதல் நேர்காணல். பெயர் வேண்டாம், முடிவு இன்னும் வரவில்லை. நான் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்று கேட்டிருக்கிறார்கள். "என் மனுவில் மாஸ்டர் என்று யார் பெயர் வரும்? அடுத்த மாதம் அவருக்கு எந்தெந்தக் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது?" என்று இவள் கேட்டிருக்கிறாள். மூத்த பங்குதாரர் சிரித்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்து, அலுவலக டைரியை எடுத்து வரச் சொன்னாராம். தடிமனான காகித டைரி, சிவப்புப் பேனாவில் விசாரணைத் தேதிகள், பென்சிலில் மென்ஷன். மேசையில் விரித்து வைத்து, "பார்த்துக்கோ. இதில் முக்கால்வாசிக்கு நீதான் கூட வரணும்" என்றாராம். சம்பளம் கோலாலம்பூரில் சொல்வதைவிடக் குறைவு. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதால் வாடகை மிச்சம். கணக்குப் போட்டுப் பார்த்தோம், பெரிய வித்தியாசம் வரவில்லை.

கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. பெரிய இடம், அடுத்த வாரம் நேர்காணல். அதற்கும் போகத்தான் வேண்டும். பெரிய நிறுவனம் என்பதாலேயே ஒதுக்குவதும் அசட்டுத்தனம். நல்ல மாஸ்டர் அங்கேயும் இருப்பார், அவரிடம் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பட்டர்வொர்த்திலிருந்து ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

எக்செல்லில் இப்போது முதல் கட்டமே மாஸ்டர் பெயர். எல்ஆர்டி கட்டத்தை நீக்கவில்லை. நீக்கவும் வேண்டாம், மழைக்காலத்தில் அதுவும் வேண்டியதுதான். மற்றவர்களை விசாரித்ததில், அவர்கள் இவளை விசாரிக்கப் போவதை மறந்தே போய்விட்டாள். ஆர்டர் 14, சம்மரி ஜட்ஜ்மெண்ட் பற்றி நிச்சயம் கேட்பார்கள், இன்றைக்கு ராத்திரி அதைப் புரட்டிவிட்டுப் படு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கூடத்தில் விளக்கு எரிகிறது.