கழித்த வரிகளும் கணக்கில்தான்

கோட் ரிவியூவுக்கு ஒரு மாற்றம் வந்தால் என் கண் முதலில் போவது மேலே பச்சையிலும் சிவப்பிலும் நிற்கும் இரண்டு எண்களுக்குத்தான். எத்தனை வரி சேர்ந்திருக்கிறது, எத்தனை வரி போயிருக்கிறது. பச்சை எண் நாலு இலக்கத்தைத் தொட்டால், அன்றைய மதியம் அதற்கே போய்விடும் என்று தெரியும். சிவப்பு பெரிதாக இருந்தால் மனசுக்குள் ஒரு சந்தோஷம், கூடவே அதிகக் கவனம். பழைய கோடைப் படித்துப் புரிந்துகொண்டவர்தான் அதைத் துணிந்து எடுக்க முடியும். வரிகளை எண்ணுவது வீண் வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிரல் எவ்வளவு பெரிது என்று அந்த எண் ஓரளவு சரியாகவே சொல்கிறது. அதைக் கொண்டுபோய் எழுதியவரின் அப்ரைசல் படிவத்தில் ஒட்டும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு காலத்தில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் இருந்தது. துளையிட்ட அட்டைகளின் காலத்தில் ஓர் அட்டைக்கு 80 பத்தி. ஃபோர்ட்ரானில் ஒரு கூற்று பெரும்பாலும் ஓர் அட்டையில் முடிந்துவிடும். கட்டின் தடிமனைப் பார்த்தே நிரல் எத்தனை பெரிது என்று சொல்லிவிடலாம். ஆனால் 'சி' போன்ற மொழிகளில் எந்த இடத்தில் வரியை முறிப்பது என்பது எழுதுபவர் இஷ்டம். ஒரு இஃப் நிபந்தனையையும் அதற்குள் நடக்க வேண்டியதையும் ஒரே வரியில் முடிக்கலாம். அடைப்புக்குறிகளைத் தனித்தனியே இறக்கி நான்கு வரியாகவும் பரப்பலாம். கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே. வெற்று வரியைச் சேர்ப்பதா, கமெண்டைச் சேர்ப்பதா, கருவிகள் தானாக உருவாக்கித் தந்த கோடை யார் கணக்கில் வைப்பது? 1992-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் ராபர்ட் பார்க் எழுதிய ஓர் அறிக்கையை இதற்கென்றே வெளியிட்டது. எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று டிக் அடித்துக் காட்டும் பட்டியல்கள் அதில் உண்டு. இரண்டு குழுக்கள் ஒரே மாதிரி எண்ணினால்தானே எண்களை ஒப்பிட முடியும்!

அளவாக மட்டும் பார்த்தால் வரிக்கணக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு பேரி போம் 1981-ல் வெளியிட்ட கொகோமோ மாதிரியே சாட்சி. 63 திட்டங்களின் தரவிலிருந்து அவர் கண்டெடுத்த, ஒரு திட்டத்துக்கு எவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று மதிப்பிடும் சூத்திரத்தில் ஆயிரம் வரிகளின் எண்ணிக்கைக்கு ஓர் அடுக்கு இருக்கிறது. சிறிய, பழக்கப்பட்ட வகைத் திட்டங்களுக்கு 1.05. வன்பொருளோடும் கடுமையான நிபந்தனைகளோடும் பின்னிக்கிடப்பவற்றுக்கு 1.20. அந்த 1.20 சாதாரண எண் இல்லை. நிரல் பத்து மடங்கு வளர்ந்தால் உழைப்பு கிட்டத்தட்ட 16 மடங்காகிறது. ஒவ்வொரு புது வரியும் ஏற்கெனவே உள்ள வரிகளோடு ஒத்துப்போக வேண்டியிருப்பதற்கான விலை அது. இதைப் பார்த்தபிறகும் அதிக வரி எழுதியவரை அதிகம் உழைத்துத் தந்தவர் என்று ஒருவர் சொன்னால், செலவை வரவுப் பக்கத்தில் எழுதுகிறார் என்றுதான் அர்த்தம். கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988-ல் இதையே கண்டிப்போடு சொல்லியிருக்கிறார்.

ஆப்பிளில் நடந்த ஒரு சம்பவம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 1982 தொடக்கம், லிசா கணினியை முடித்து வெளியே அனுப்பும் அவசரத்தில் இருந்தார்கள். அந்த வாரம் எத்தனை வரி எழுதினோம் என்று ஒவ்வொரு பொறியாளரும் படிவம் நிரப்ப வேண்டும் என்று மேலாளர்கள் உத்தரவு போட்டார்கள். திரையில் தெரியும் எல்லாவற்றையும் வரைந்துகொடுக்கும் குவிக்டிரா, பில் அட்கின்சன் எழுதியது. ஒழுங்கற்ற வடிவங்களைக் கையாளும் பகுதியை அப்போதுதான் அவர் முழுவதும் திருத்தி எழுதி முடித்திருந்தார். வேகம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு கூடியது. கோடில் சுமார் 2,000 வரி குறைந்தது. படிவத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று உடன் வேலை பார்த்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். எனக்கு அந்த 2,000 வரிக்குள் என்ன நடந்திருக்கும் என்பதில்தான் ஆர்வம். ஒரு ஜன்னலை இன்னொன்று பாதி மறைத்தால் மிச்சம் தெரியும் பகுதி செவ்வகமாக இருக்காது. அப்படிப்பட்ட வடிவங்களைக் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும், வெட்டும் பகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும். தனித்தனிச் சூழலுக்குத் தனித்தனி வழி வைத்தால் கோட் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் உள்ளடக்கும் ஒரே பொது வழியை அட்கின்சன் கண்டுபிடித்தார், சிறப்பு வழிகள் அத்தனையும் தேவையற்றுப் போயின. 1984-ல் வந்த மேக்கின்டோஷில் இதே குவிக்டிரா 64 கிலோபைட் ரோமுக்குள் மற்றவற்றோடு இடம் பகிர்ந்து உட்கார வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

மொழி மாறினாலும் இந்தக் கணக்கு தலைகீழாகும். அசெம்பிளியில் நூறு வரி பிடிக்கும் வேலை பைத்தானில் நாலு வரியில் முடியும். மாதத்துக்கு இத்தனை வரி என்று பார்த்தால் அசெம்பிளிக்காரர்தான் கெட்டிக்காரர். ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979-ல் ஃபங்ஷன் பாயிண்ட் முறையைக் கொண்டுவந்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். பயனருக்குத் தெரியும் உள்ளீடு, வெளியீடு, விசாரணை, கோப்பு ஆகியவற்றை எண்ணுவது அந்த முறை. நல்ல முறைதான், ஆனால் எண்ணுவதற்கே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வரியை எண்ண ஒரு கட்டளை போதும். மேலாளர்கள் இன்னும் அதையே கேட்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

என் அனுபவத்தில் நெருக்கமாகப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பில்லிங் மென்பொருளில் தள்ளுபடி போடும் ஃபங்ஷன் வெவ்வேறு மாட்யூல்களில் நான்கு பிரதிகளாகக் கிடந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒன்றே. ஒன்று மட்டும் ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே முழுமையாக்கிவிட்டுக் கூட்டும். மற்றவை கூட்டிவிட்டுக் கடைசியில் முழுமையாக்கும். பில் நீண்டால் பைசா வித்தியாசம் வரும். இதில் எது வேண்டுமென்றே எழுதியது, எது தற்செயல் என்று கோடைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. ரிட்டர்ன் வரும்போது பொருள்வாரியாகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதற்காகவே அந்த ஒரு பிரதி என்று அங்கிருந்த அம்மா விளக்கினார். அதன்பிறகுதான் நாலுக்கும் டெஸ்ட் எழுதி, இப்போதைய விடைகளை அப்படியே பதிவு செய்து, இரண்டு தெளிவான ஃபங்ஷன்களாகச் சுருக்கினோம். கிட் வரலாற்றில் அந்த வேலை ஒரு பெரிய சிவப்பு எண். மதிப்பீட்டுப் படிவத்தில் அதை எழுத இடமே இல்லை.

ஒரே ஒரு வரி என்ன செய்யும் என்பதை 2014 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. ஆப்பிளின் பாதுகாப்பான இணைப்புக்கான கோடில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதலாவது இஃப்-க்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் தாவிவிடும். சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படி அதற்குக் கீழே இருந்தது. அது ஓடவே இல்லை. வரிக்கணக்கில் அது பிளஸ் ஒன்று.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிமிஷத்தில் நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டுகின்றன. எழுதும் செலவு இறங்கிவிட்டது. படிக்கும் செலவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் எங்கள் குழுவில் கமிட் குறிப்பு எழுதும் முறையை மாற்றியிருக்கிறோம். எதையாவது எடுத்தால் ஏன் எடுத்தோம், எடுப்பது பாதுகாப்பானது என்று எந்த டெஸ்ட் சொன்னது, யாரிடம் கேட்டு உறுதி செய்தோம் என்று மூன்று விஷயமும் அதில் இருக்க வேண்டும். அப்ரைசல் நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் அந்தக் குறிப்புகளை எடுத்து மேனேஜரின் மேஜையில் நானே வைக்கிறேன்.